லேபிள் உரித்த கேன்

வேலை முடிந்து வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தவர், லைட்டைப் போடச் சொன்னார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. கண்ணாடி போடும் வயசு வந்துவிட்டது உங்களுக்கு என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கத் தூக்கிய கை நடுங்கியது.

என் கணவர் சேகருக்கு வேலப்பன்சாவடிப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் புல்தரைக்கும் பூச்செடிகளுக்கும் மருந்தடிக்கும் வேலை. அன்று முதுகில் மாட்டியிருந்த டேங்க் கசிந்து சட்டை நனைந்திருக்கிறது. போகிற வழியில் காய்ந்துவிடும் என்று அப்படியே பைக்கை ஓட்டிக்கொண்டு கொரட்டூர் வந்து சேர்ந்திருக்கிறார். அந்தச் சட்டை இன்னும் அவர் மேலேயே இருந்தது.

பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய தம்பி குமார் ஆட்டோவோடு வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணின் பாவை (கருமணியின் நடுத்துளை) குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. சட்டையைக் கத்தரித்து எடுத்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, அட்ரோபின் (விஷத்தின் வேகத்தை அடக்கும் மருந்து) ஏற்றத் தொடங்கினார்கள்.

“என்ன மருந்தும்மா அடிச்சாரு? பூச்சி மருந்துன்னு மட்டும் சொன்னா பத்தாது. கேன்ல லேபிள் இருக்கும், அதைக் கொண்டு வரச் சொல்லுங்க.”

இந்த மாதிரி செய்கிற மருந்துகளில் இரண்டு வகை உண்டாம். ஒன்றுக்கு இன்னொரு முறிவு ஊசியும் சேர்த்துப் போட வேண்டும், மற்றதற்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. எது என்று தெரிந்தால் நல்லது என்றார் டாக்டரம்மா. குமாரை விரட்டினேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் குடியிருப்பிலிருந்து போன் செய்தான்.

“அண்ணி, கேன் கீது. லேபிள உரிச்சி வெச்சிக்கிறானுங்க.”

யாரோ விஷமத்துக்குச் செய்ததல்ல. லேபிளில் சாய்சதுரக் கட்டமும் அதற்குள் ‘விஷம்’ என்ற எழுத்தும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் குடியிருப்பவர்கள், குழந்தைகள் விளையாடும் புல்லில் விஷத்தை ஊற்றுகிறீர்களா என்று குடியிருப்போர் சங்கத்தில் சண்டை போட்டார்களாம். அதிலிருந்து, இவரை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரி எல்லா கேனையும் தண்ணீரில் ஊற வைத்து, லேபிளை உரித்துத்தான் உள்ளே அனுப்புவார். விஷம் உள்ளேயே இருந்தது. பெயர் மட்டும் வெளியே போய்விட்டது.

மேஸ்திரியைக் கேட்டால், பெயர் தெரியாது, பாலாட்டம் வெள்ளையாகக் கரையும் மருந்து என்றார். கூலிக்கு மருந்தடிப்பதற்கு உரிமம் வாங்க வேண்டும், அடிப்பவருக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேஸ்திரியிடம் இருந்தது தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் மட்டும்தான்.

குமார் போட்ட சத்தத்தில், வாங்கிய கடை பூந்தமல்லியில் இருப்பதாக மேஸ்திரி ஒருவழியாகச் சொன்னார். அவன் அங்கே போய்ச் சேரும்வரை நான் வராந்தாவில் நின்றேன். உட்கார்ந்தால் உள்ளே ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். இப்போது யோசித்தால் பைத்தியக்காரத்தனம்தான், அப்போது கால் மடங்க மறுத்தது.

கடைக்காரர் பிரிக்காத கேன் ஒன்றை எடுத்துக் காட்ட, குமார் படமெடுத்து என் போனுக்கு அனுப்பினான். டாக்டரம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். மருந்தின் பெயர், முறிவு மருந்து, கையுறை போடு, காற்றுக்கு எதிரே அடிக்காதே, நனைந்த துணியை உடனே மாற்று, எல்லாம் அதிலேயே இருந்தது. நேராக உள்ளே போய் இரண்டாவது ஊசியைப் போடச் சொன்னார்.

இரண்டு நாளில் கண் தெளிந்தது. பேசினார், இட்லி கேட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னார் டாக்டரம்மா. தூக்க முடியவில்லை. முகம் சிவக்க முயன்றும் கழுத்து எழவில்லை. விஷம் தணிந்த பிறகும் தசைகள் இப்படித் தளர்வதுண்டு, அடுத்து மூச்சை இழுக்கும் தசையும் தளரலாம் என்று சொல்லி வென்டிலேட்டரில் (செயற்கை மூச்சுக் கருவி) வைத்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கும்போது அவர் மார்பை மெஷின்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்துக்கு மேலாகி மெல்ல மீண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது கோலினெஸ்டரேஸ் (நரம்பு தசைக்கு இடும் கட்டளையை முடித்துவைக்கும் நொதி) இன்னும் குறைவாகவே இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அது ஏற மாதக்கணக்காகலாம். அதுவரை கொஞ்சம் பூச்சி மருந்து பட்டாலும் உடம்பு தாங்காது.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் மருந்தடிக்கப் போகிறவர் இருந்தால் ஒன்று சொல்கிறேன். கேன் எங்கே போனாலும் அதன் லேபிளும் கூடவே போகட்டும். பார்க்கிறவர்கள் பயந்தால் பயந்துவிட்டுப் போகிறார்கள்.

வீட்டில் இப்போது நாட்காட்டி பார்ப்பதில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்த ரத்தப் பரிசோதனை வரை ஒரு காலம், அவ்வளவுதான். போன வாரம் சாயங்காலம் தெருவில் கொசுப்புகை வண்டி வந்தது. அந்தப் புகையிலும் இருப்பது பூச்சி மருந்துதான். ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தேன். அவர் கட்டிலில் இரண்டு கைகளையும் மார்பில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூச்சை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“போய்ட்ச்சா?” என்றார்.

வண்டி போய் வெகுநேரமாகியிருந்தது. தெருவில் பிள்ளைகள் திரும்பவும் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். ஜன்னலைத் திறக்க எனக்குத்தான் மனசு வரவில்லை.

“இன்னும் இல்லீங்க” என்றேன்.