ஆப்பிரிக்காவுக்கு எடுத்த மழைச்சோறு

1. டெலிபோன் பூத்துக்குள் பலாப்பழ வாசம் மூச்சை அடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஆப்பிரிக்காவிலிருந்து பேசி, கோடை விடுமுறைக்கு எங்கள் மூவரையும் அங்கே வரச் சொன்னார்.
2. மூன்று பாஸ்போர்ட்டுகள் வந்து சேர்ந்தன.
3. அங்கே பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை.
4. அம்மா மழைச்சோறு எடுத்தார்.
5. மழை பெய்தது, கொல்லிமலையில்.

அப்போது எனக்குப் பத்து வயது, தங்கைக்கு நான்கு. அப்பா, ஆழ்துளைக் கிணறு தோண்டும் "போர் வண்டி"யில் வேலை செய்தார். எங்கள் பக்கத்து வண்டிகள் நாடெங்கும் போகும். அவர் வேலை செய்த வண்டி கப்பலேறித் தான்சானியாவுக்கே போய்விட்டது. தங்கை குப்புறக் கவிழப் பழகும் முன்பே புறப்பட்டவர், அதன்பிறகு வரவில்லை. ஒப்பந்தம் முடியும்வரை முதலாளி ஊருக்கு விடமாட்டார். ஆனால் மழைக்காலத்தில் அந்த ஊர் மண்சாலைகள் சேறாகி வண்டி நகர முடியாமல் நிற்கும்போது, வேலையாட்களுக்கு அங்கேயே சில வாரம் விடுப்புக் கிடைக்கும். அங்கே மழைக்காலம் சித்திரையும் வைகாசியும். எங்கள் பள்ளிக்கு விடுமுறையும் அப்போதுதான். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த அன்று அம்மா செம்மேட்டு பூத்திலிருந்து எங்கள் ஊரான வளப்பூர் நாட்டுக்கு நடக்காமல் பறந்து வந்ததுபோல வந்தார்.

திட்டம் போடும் வேலை என்னுடையது. பள்ளி வரைபடப் புத்தகத்தை விரித்து, செம்மேட்டில் பஸ் ஏறி, சென்னை, பம்பாய், நைரோபி, அங்கிருந்து பனிமலையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் தார் எஸ் சலாம், பிறகு கப்பலில் சான்சிபார் தீவு என்று வரிசையாக எழுதினேன். எந்த ஊரில் எந்தப் பாவாடை என்றும் எழுதினேன். சிங்கம் பார்ப்பதற்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தேன். அம்மாவுக்குச் சிங்கமும் கடலும் ஒரு பொருட்டில்லை. "நாலு வயசாவுது, அப்பன் மொகம் தெரியாம வளருதுங்க" என்று தங்கையைக் காட்டி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கோடையில் பார்க்காவிட்டால் பிறகு பார்த்தும் பயனில்லை என்பது அவர் பயம்.

விடுமுறை தொடங்கியது. ஞாயிறுதோறும் பூத்தில் காத்திருந்தோம். "வண்டி இன்னும் நிக்கல. வானம் பளிச்சுனு கெடக்குது" என்றார் அப்பா. மறுவாரமும் அதையே சொன்னார். விடுமுறை நாட்கள் குறையக் குறைய, அம்மா என் திட்டத்திலிருந்து ஊர்களைக் கழற்ற ஆரம்பித்தார். முதலில் சான்சிபார் போனது. அடுத்த வாரம் சிங்கம் போனது. பனிமலையை நான் அழுது காப்பாற்ற முயன்றேன், அதுவும் போனது. கடைசியில், "சுத்திப் பாக்கவெல்லாம் வேண்டாமுங்க. நீங்க வேல செய்யற எடத்துலயே ஒரு மூலையில இருந்துக்கறோமுங்க" என்று அம்மா கெஞ்சியதும், மறுமுனையில் அப்பா, "காட்டுக்குள்ள டெண்ட்டுல படுத்திருக்கறன். பொட்டப்புள்ளைங்கள எங்க வெப்பேன்?" என்றதும் எனக்குக் கேட்டது.

அன்று வீடு திரும்பிய அம்மா, மழைச்சோறு எடுப்பது என்று முடிவு செய்தார்.

மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் பெண்கள் செய்வது அது. வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறு வாங்கி, ஊர் எல்லையில் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்து தின்று, "மழையில்லாத ஊரில் இனி இருக்கமாட்டோம், பரதேசம் போகிறோம்" என்று ஒப்பாரி வைத்து அழுதபடி எல்லையைத் தாண்டி நடப்பார்கள். பஞ்சத்தில் சனங்கள் ஊரைக் காலி செய்கிறார்களே என்று வெட்கப்பட்டாவது சாமி மழையை இறக்கும் என்பது நம்பிக்கை. எங்கள் மலையும் அப்போது காய்ந்துதான் கிடந்தது. ஆகவே பெண்கள் சேர்ந்தார்கள். ஆனால் அம்மா யாருக்காகச் சட்டி ஏந்துகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஏனுங்க அக்கா, இங்க அழுதா அந்தூருச் சாமிக்குக் காது கேக்குமுங்களா?" என்றாள் பக்கத்து வீட்டு ராசம்மா அத்தை.

"மேகம் என்ன பாஸ்போட்டா கேக்குது? பெஞ்சா பெய்யட்டும், சோத்தப் போடு" என்றார் அம்மா.

எல்லையில் மற்றவர்கள் முறைக்கு அழுதார்கள், நடுவே சிரித்துக்கொண்டார்கள். "பரதேசம் போறோம், பரதேசம் போறோம்னு எல்லாரும் அழுவறோம். நெசமாலுமே பொட்டியக் கட்டி வெச்சிருக்கறவ இவ ஒருத்திதான்" என்று ஒருத்தி சொன்னதற்கும் சிரிப்பு எழுந்தது. அம்மா மட்டும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, தங்கையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்து, நிறுத்த முடியாமல் அழுதார். தங்கை பயந்து கத்தினாள். பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ராசம்மா அத்தை தங்கையை வாங்கிக்கொண்டு, "போதுஞ் சாமி, எந்திரிங்க" என்றாள்.

அந்த வாரமே மழை கொட்டியது. சாமை விதைக்க ஏரைப் பூட்டினார்கள். வழியில் பார்ப்பவர்களெல்லாம் அம்மாவை வாழ்த்தினார்கள், "கைராசி" என்றார்கள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, மழையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமை விதைக்கூடையோடு வந்த ராசம்மா அத்தை, பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் சொன்னாள்: "போறோம் போறோம்னு அழுதா போவ வுடாம இருக்கத்தானுங்க அக்கா சாமி மழையக் குடுக்குது. நீங்க போவணும்னு கேட்டு அந்தச் சோத்த எடுத்திருக்கக் கூடாதுங்க."

 

அடுத்த ஞாயிறு அப்பா, அங்கே சொட்டு மழையில்லை, கிணறு கேட்டு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், முதலாளி இன்னும் இரண்டு இடத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார். "ஏர்போட்டுக்காச்சும் ஒருநா வருவீங்களா? பாத்துட்டு அப்படியே திரும்பிக்கறோமுங்க" என்றார் அம்மா. எங்கள் நீண்ட சுற்றுலாவில் கடைசியாக மிஞ்சியிருந்தது அந்த விமான நிலையம் ஒன்றுதான். "அடுத்த வருசம் பாத்துக்கலாம் கண்ணு" என்று அப்பா சொன்னார். அம்மாவை அவர் கண்ணு என்று கூப்பிட்டதை நான் கேட்டது அன்றுதான். பள்ளி திறந்தது.

இப்போது நான் பொறியாளர். கட்டட வேலைகளுக்குக் கால அட்டவணை தயாரிப்பது என் தொழில். மழைக்கென்று நாட்கள் ஒதுக்காமல் எந்த அட்டவணையையும் முடிப்பதில்லை. செம்மேட்டில் அந்த பூத் போய், அந்த இடத்தில் செல்போன் கடை வந்து, அதுவும் போய்விட்டது. மழைச்சோறு எடுக்க யாரும் சட்டி தூக்குவதில்லை. மூன்று பாஸ்போர்ட்டுகளும் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகின.

அப்பா ஒப்பந்தம் முடிந்து, தங்கைக்கு ஏழு வயதாகும்போது வந்தார். இன்று ஊரில்தான் இருக்கிறார், மிளகுக்கொடிகளைப் பார்த்துக்கொள்கிறார். தங்கை அவருக்கு மாத்திரை வாங்கி வருகிறாள், கண் மருத்துவரிடம் கூட்டிப் போகிறாள், ஒரு குறையும் வைப்பதில்லை. அப்பா என்று அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரிடம் ஏதேனும் சொல்ல வேண்டுமானால் அருகில் போய், அவர் திரும்பிப் பார்க்கும்வரை நிற்கிறாள்.