தள்ளிவைத்த வீட்டுப் புகை

அய்யம்மாள் வாயில் அந்தச் சொல் எந்நேரமும் கிடக்கும். கறவைக்கு நிற்காமல் துள்ளும் ஆட்டிடம், "ஒன்னத் தள்ளி வச்சிருவேன், பாத்துக்க" என்பாள். சாப்பிட நேரங்கழித்து வரும் புருஷன் தங்கபாண்டியிடம், "இன்னைக்கு ஒங்களத் தள்ளி வச்சாச்சு, கஞ்சி கெடையாது" என்பாள். காமயகவுண்டன்பட்டிக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் எல்லோருக்குமே அப்படித்தான் பேச்சு. சொல்லும்போது யாராவது அதை நினைத்துச் சொன்னார்களா? ஒருத்தரும் இல்லை.

நினைக்க வைத்தது பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் கதை. அவள் புருஷன் சின்னக்கருப்பு, மடைத் தண்ணீர்த் தகராறை ஊர்க்கூட்டத்தில் வைக்காமல் உத்தமபாளையம் போலீஸ் கச்சேரியில் பிராது கொடுத்துவிட்டு, ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிவிட்டான். புண்ணியவான் போய்விட்டான், அகப்பட்டவள் இவள். ஊர் கூடியது. நாட்டாமை கருத்தக்கண்ணன், "அந்த வீட்டத் தள்ளி வச்சாச்சு" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டார். இனி அந்த வீட்டுக்கு நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, பேச்சு கிடையாது. மீறிக் கொடுக்கிற வீட்டுக்கும் அதே கதிதான்.

தீப்பெட்டி வாங்க வக்கில்லாத காலம் அது. விடியற்காலையில் யார் வீட்டு அடுப்பில் கங்கு கிடக்கிறதோ, அங்கே போய் வாங்கிக்கொள்வார்கள். அய்யம்மாள் வீட்டு முள்வேலிக்கு மேலே தினமும் பொன்னாத்தாளின் கை வறட்டித் துண்டோடு நீளும். அய்யம்மாள் அதன்மேல் ஒரு கங்கை வைப்பாள். வருஷக்கணக்கான பழக்கம், பேச்சே இருக்காது.

கூட்டம் நடந்த மறுநாள் காலையிலும் கை நீண்டது. அவளுக்கும் மறந்ததோ, பிள்ளை பசியில் அழுததோ, யார் கண்டது. அய்யம்மாள் அரைத்தூக்கத்தில் கங்கை எடுத்து வைத்தாள். கை போய்விட்டது. உரலில் சோளத்தைப் போட்டு உலக்கையைத் தூக்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வருகிற வெள்ளிக்கிழமை மகள் ராஜாத்திக்குப் பரிசம் போட மார்க்கையன்கோட்டையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தள்ளி வைத்த வீட்டில் எவன் பெண் எடுப்பான்?

ஓடிவந்து பார்த்தாள். பொன்னாத்தாள் வீட்டுக் கூரையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. கொடுத்த கையை மறைக்கலாம், புகையை எதைப் போட்டு மூடுவது?

"வீரபாண்டி ஆத்தா, ஒனக்குத் தீச்சட்டி எடுக்குறேன் தாயி. அந்தப் புகைய மட்டும் அமத்திரு."

ஆத்தா அமர்த்தவில்லை. வெயில் ஏறுமுன் ஊரே பார்த்துவிட்டது. சாவடியில் மறுபடியும் கூட்டம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி பொன்னாத்தாள் நடுவில் நின்றாள். அய்யம்மாள் பெண்களோடு பெண்ணாக நின்றாள். ராஜாத்தியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அவள், "வலிக்குதும்மா" என்று முனகினாள்.

"நெருப்பு யாரு குடுத்தா?" என்றார் நாட்டாமை. "பேரச் சொல்லு. ஒன்ன ஊரோட சேத்துக்கிறோம்."

பொன்னாத்தாள் கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். அவள் கண் அய்யம்மாள் மேல் நிற்காமல் கடந்து போனது.

"யாரும் குடுக்கல. சாம்பலுக்குள்ள பழைய கங்கு கெடந்துச்சு. ஊதிக்கிட்டேன்."

அய்யம்மாளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு நிலைக்கவில்லை.

"அப்ப அதையும் அமத்தணும்" என்றார் நாட்டாமை. "அய்யம்மா, நீதான பக்கத்து வீடு? போயி ஒரு கொடம் தண்ணிய ஊத்திட்டு வாத்தா."

குடத்தோடு போனாள். அடுப்பில் கஞ்சி பாதி கொதியில் இருந்தது. காலையில் தான் கொடுத்த நெருப்பின் மேல் தானே தண்ணீரை ஊற்றினாள். சாம்பல் பறந்து கஞ்சியில் விழுந்தது. வாசலில் நின்ற பொன்னாத்தாள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில், வேலிக்கு மேலே கை வரவில்லை. அய்யம்மாளே உடைந்த பானையின் ஓட்டாஞ்சில்லில் கங்கை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கையை அந்தப் பக்கம் நீட்டினாள். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. நெடுநேரம் யாரும் வாங்கவில்லை. பிறகு வேலிக்கு அப்பாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"கொண்டு போயிருங்க மதினி. ராஜாத்திக்குப் பரிசம் முடியட்டும்."

அய்யம்மாள் கொண்டுபோய்விட்டாள். அன்றைக்கும் ஆடு கறவைக்கு நிற்காமல் துள்ளியது. அவள் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.