பச்சைப் புள்ளி பதினாலு

ஒரகடத்தைச் சுற்றி ஏழு கம்பெனி வாசல்களில் என்னை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு கம்பெனி எங்கள் அப்பா பயிர் வைத்த கழனியின் மேலேயே நிற்கிறது. சொந்தக் கழனிக்குள் நுழைய இன்டர்வியூ கொடுத்து ஃபெயிலான முதல் ஆள் நான்தான் என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்துபோனது. காண்ட்ராக்ட் வேலைக்கு அது பெரிய தடை இல்லை. தடை என் கண்தான். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தால் அவர் பேசுவது எனக்குக் கேட்காது. அவர் பேசுவதைக் கேட்டால் கண் எங்கேயோ ஓடிவிடும். இப்போது அதற்கு ஆஸ்பத்திரியில் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது எங்கள் தெருவில் வைத்த பெயர் லூசு. கூப்பிடச் சுலபம்.

திங்கட்கிழமை காலையில் காண்ட்ராக்டர் கேட் முன்னால் நின்று, வரிசையில் நிற்பவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டு ஆள் எடுப்பார். "கண்ண பாக்க முடியலன்னா மூக்க பாருடா, அவனுக்கு வித்தியாசம் தெரியாது" என்று அம்மா சொல்லி அனுப்பியது. பார்த்தேன். அவர் கர்சீப் எடுத்து மூக்கைத் துடைத்தார். மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் துடைத்தார்.

"இன்னாடா, மூக்குல எதுனா கீதா?"

"மூணு முடி கீது சார்."

அது ஐந்தாவது கம்பெனி.

எட்டாவது கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் பக்கம். அங்கே காண்ட்ராக்டர் போன் பேசிக்கொண்டே, என் மூஞ்சியைப் பார்க்காமல், உள்ளே போ என்று கையை ஆட்டினார். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷம்.

கம்பெனி பஸ் படப்பையில் கிளம்பி ஒரகடம் வழியாக வரும். நான் ஒரகடத்தில் ஏறுவதற்குள் சீட்டெல்லாம் நிரம்பியிருக்கும். காலியாகத் தெரியும் சீட்டிலும் யாராவது தன் கூட்டாளிக்காகக் கர்சீப் போட்டிருப்பார்கள். நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு மெஷின் சத்தங்களை வாயால் செய்துகாட்டுவேன். பஸ்ஸே சிரிக்கும். சிரித்து முடித்ததும் அவரவர் பக்கத்து ஆளிடம் திரும்பிவிடுவார்கள். எனக்குப் பக்கத்து ஆள் என்று ஒருவர் கிடையாது. எனக்காக யாராவது ஒருநாள் ஒரு கர்சீப் போடமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். அழுக்குக் கர்சீப்பாக இருந்தாலும் சரி.

ஒருநாள் போட்டிருந்தார், தென்காசிப் பக்கத்து அண்ணன் ஒருவர். என் லைனில்தான் வேலை. படப்பையில் ரூம் எடுத்து ஊர்க்காரர்களோடு தங்கியிருந்தார்.

"என்னல கம்பியப் புடிச்சுட்டு நிக்க? வந்து உக்காரு. ஒனக்குத்தாம் போட்ருக்கேன்."

உட்கார்ந்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினேன். தப்பாக நினைக்காதீர்கள் அண்ணா, என்னால் மூஞ்சியைப் பார்த்துப் பேச முடியாது என்றும் ஜன்னலிடமே சொன்னேன்.

"நீ சன்னலப் பாத்தே பேசுல. ஒம் மூஞ்சியக் காலங்காத்தால பாக்காம இருக்கது எனக்கும் நல்லதுதான்."

மூன்று மாதம் அந்த சீட் எனக்கு இருந்தது.

எங்கள் வேலை, கார் கதவுக்கு உள்ளே வரும் பிளாஸ்டிக் பீஸில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது. நல்ல பீஸ் என்றால் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்கவேண்டும். ஆளுக்கு ஒரு கலர். எனக்கு நீலம், அண்ணனுக்குப் பச்சை. மனுஷ மூஞ்சியைப் பார்க்கத் தெரியாத இந்தக் கண், கீறலை மட்டும் முடியளவு இருந்தாலும் பிடித்துவிடும்.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் புள்ளி வைத்த பீஸில் கீறல் கண்ணில் பட்டால், மை அழிக்கும் தின்னரில் நனைத்த துணியால் புள்ளியைத் துடைத்துவிட்டு, பீஸைச் சத்தமில்லாமல் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நான் பார்த்திருக்கிறேன். புரிந்துகொள்ளவில்லை. துணியை மேஜை துடைக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒருநாள் அண்ணன் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு, நின்றபடியே தூங்கிக்கொண்டு புள்ளி வைத்தார். அவர் தாண்டவிட்ட கீறல் பீஸ்களை நான் புள்ளியோடு தனியாக அழகாக அடுக்கிவைத்தேன். சூப்பர்வைசர் வந்தார்.

"யார்ரா இதெல்லாம் ஓகே பண்ணது?"

லைனே குனிந்துகொண்டது. கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்பது என் கட்சி. அதுவும் பதில் தெரிந்த கேள்வி, எனக்கு அபூர்வமாகத்தான் வரும்.

"பச்சை புள்ளி சார். எங்க அண்ணனோடது. பதினாலு கீது."

எண்ணியும் வைத்திருந்தேன். சபாஷ் கிடைக்கும் என்று சிரித்துக்கொண்டு வேறு நின்றேன். கிடைத்தது. "கண்ணுடா உனக்கு" என்று சூப்பர்வைசர் தோளில் தட்டினார். அண்ணனிடம் கேட் பாஸை வாங்கிக்கொண்டு நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அண்ணன் பச்சை மார்க்கரை மூடி, மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பஸ்ஸில் மெஷின் சத்தம் செய்துகாட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படப்பைக்குப் போனேன். அண்ணன் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்து, தயார் செய்து கொண்டுபோன மன்னிப்பை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்தியோ?"

"ஆமாண்ணா. ஆறு நாளா."

"வேற கம்பெனில சேந்துட்டேம்ல. விடு."

"கோவமாண்ணா?"

கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "கோவந்தாம். இல்லன்னு சொன்னா பொய்யாயிரும்லா. குழம்பு இருக்கு, சாப்ட்டுப் போ."

சாப்பிட்டேன். ரூமில் இருந்தவர்கள் டி.வி. பார்த்தார்கள். கிளம்பும்போது படி வரைக்கும் வந்தார். திரும்ப வா என்று சொல்லவில்லை. மறுபடி வரட்டுமா என்று கேட்டுவிடலாமா என நினைத்து, கேட்காமல் இறங்கினேன்.

அவருடைய புதுக் கம்பெனி பஸ்ஸும் படப்பையிலிருந்து ஒரகடம் வழியாகத்தான் போகும். விடிகாலை ஷிஃப்ட் போனால், எங்கள் பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் அது என்னைத் தாண்டும். எல்லோரும் கெஞ்சி மாற்றிக்கொள்ளும் அந்த ஷிஃப்டை நான் கேட்டு வாங்கினேன். ஏன்டா என்றார் சூப்பர்வைசர்.

"காலைல தான் சார் கண்ணு நல்லா தெரியுது" என்றேன். அவர் நம்பிவிட்டார். பொய் இத்தனை சுலபம் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

தினமும் ஒரகடம் கூட்டுரோட்டில் சீக்கிரமே போய் நிற்பேன். அந்த பஸ் திருப்பத்தில் மெதுவாகும். சில நாள் அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு போவார். சில நாள் ஜன்னலில் அவர் இருக்கமாட்டார். பஸ்ஸின் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பாரோ என்னவோ, தெரியாது.