பாரிவாக்கத்தில் இறங்கிய ஹெலிகாப்டர்

இன்று மௌஸ் வாங்கப் பூந்தமல்லியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாட்டில் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

திரையில் எங்கள் ஊர் பாரிவாக்கம். ஏரிக்கரையில், சுற்றியுள்ள ஏரி, தண்ணீர்த் தொட்டியோடு நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்து, போன வாரம் புனைபெயரில் இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்த, ஹெலிகாப்டர் இறங்கும் ஹெலிபேட் வட்டம்!

உயரக் கணக்கில் கொஞ்சம் பிசகியிருந்தாலும் ஹெலிகாப்டர் தரைக்குள் புதைந்துவிடும். என் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் அதை நான் பார்த்ததில்லை.

புதையவில்லை. வட்டத்தின் நடுவில் பூப்போல உட்கார்ந்தது.

"பாத்தியா மாமே!" என்று பக்கத்திலிருந்த நண்பரிடம் குதித்தார் கடைக்காரர். "ஏரி, தண்ணித் தொட்டி, எல்லாம் அப்டியே கீது. எவனோ பாரின்காரன் பண்ணிகீறான்."

"பாரின்காரனுக்கு நம்ம ஊட்டாண்ட கீற தண்ணித் தொட்டி எப்டிடா தெரியும்?"

"அப்ப இங்க எவன் பண்ணுவான்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீயே சொல்லு. நம்ம ஊர்ல எவனாச்சும் இந்த மாதிரி பண்ணுவானா?"

"எவனும் பண்ணியிருக்க மாட்டான்ணா" என்றேன். மௌஸை வாங்கிக்கொண்டு சிரிப்பை அடக்கியபடி வெளியே வந்தேன்.

‘எவனும்’ என்று நான் சொன்னதில் ஓர் எழுத்தாவது பொய்யா? நீங்களே சொல்லுங்கள்.