பங்களாக் கதையில் நான் தூங்கவில்லை

என்னைத் தூங்குமூஞ்சி ஆக்கியது நீங்கள்தான். மில் கேட்டுக்கு எதிரே, காபி கிளப்பை ஒட்டி, தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். இத்தனை வருஷம் பொறுத்தேன். இனி எழுதிவிடப் போகிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நூல் நூற்கும் ரிங் பிரேமில் நிறைந்த நூல் குழல்களைக் கழற்றிக் கூடையில் போடுவது என் வேலை. அதற்கு அடுத்த படி, ஒரு பிரேமைத் தனியாகப் பார்ப்பது. அறுந்த இழையைக் கண் சிமிட்டாமல் கவனித்து ஒட்ட வேண்டும். புது பிரேம் ஒன்று வந்திருந்தது. அதை எனக்குத் தருவதாக எங்கள் மேஸ்திரி வாய்விட்டே சொல்லியிருந்தார். அந்த பிரேம் வந்தால் கல்யாணப் பேச்சை எடுக்கலாம் என்று வீட்டில் காத்திருந்தார்கள்.

எங்கள் மில்லில் அந்தக் காலத்தில் ஷிப்டு மாறுவது கிடையாது. பகல் ஷிப்டுக்காரன் என்றால் வருஷம் முழுக்கப் பகல் ஷிப்டுதான். மூன்று மணிச் சங்குக்கு நாங்கள் வெளியே வருவோம், இரண்டாவது ஷிப்டு உள்ளே போகும். அவர்கள் அரை மணி முன்னாலேயே வந்து உங்கள் கடை முன்னால் குந்தியிருப்பார்கள். நீங்கள் ஒரு அத்தியாயம் படித்துக் காட்டுவீர்கள். அவர்கள் உள்ளே போனதும் நாங்கள் வந்து குந்துவோம். எங்களுக்கும் ஒரு அத்தியாயம். நல்ல குரல் உங்களுக்கு. அதை நான் மறுக்கவில்லை. அழ வேண்டிய இடத்தில் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே அழுவீர்கள்.

அந்த வருஷம் நீங்கள் கொண்டு வந்தது ஒரு மர்ம நாவல். குன்னூர் மலையில் ஒரு பங்களா. கோடைக்குக் கோடை சமவெளிப் பணக்காரக் குடும்பம் அங்கே போய் இரண்டு மாதம் இருக்கும். அங்கே ஒரு அம்மாள், அவளுடைய வைரத்தோடு, பூட்டியே கிடக்கும் ஒரு அறை, ஒரு காவற்காரன். நாங்கள் யாரும் குன்னூரைப் பார்த்ததில்லை. பஞ்சுத் தூசியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து அந்தப் பனியைக் கேட்கும்போது காது குளிர்ந்தது. அந்த அம்மாள் பேரிக்காய் வேண்டும் என்பாள், காவற்காரன் மரத்தில் தாவி ஏறிப் பறித்துப் போடுவான். எங்கள் ஷிப்டில் முக்கால்வாசிப் பேர் அவன் கட்சி.

பாதிக் கதை ஓடியிருக்கும்போது அன்னூரில் ஒரு கல்யாணம் வந்தது. இரண்டாவது ஷிப்டுக்காரர் ஒருவரின் தங்கைக்கு. எங்கள் ஷிப்டிலிருந்து லீவு கிடைத்துப் போனது நானும் எங்கள் மேஸ்திரியும் மட்டும். பந்தியில் எனக்கு இடது பக்கம் என் அக்காள் புருஷர். அவர் இரண்டாவது ஷிப்டு. எதிர் வரிசையில் அந்த ஷிப்டுக்காரர்களே நாலைந்து பேர். கதை கேட்க ஒரு நாளும் வராத மேஸ்திரி எனக்கு வலது பக்கம், பாயசத்தில் குனிந்திருந்தார்.

பேச்சை ஆரம்பித்தது என் மச்சான்.

“ஏனுங்க மாப்ளே, கதை எப்படிப் போகுது? அந்தக் காவக்காரக் கெழவன் மேல எனக்குச் சந்தேகமுங்க.”

“கெழவனா? எந்தக் கெழவனுங்க மச்சான்? அவன் எளந்தாரியல்லங்க?”

“ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கறான், எளந்தாரியா?”

“காலை இழுக்கறவன் பேரிக்கா மரத்துல தாவுவானுங்களா?”

எதிர் வரிசையில் ஒருவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “அந்த மரம் இடி உழுந்து பட்டுப்போய் எத்தனையோ வருசம் ஆச்சுன்னு படிச்சாருங்களே?”

நான் விடவில்லை. எனக்கு விடத் தெரியாது. “அந்த அம்மா முந்தாநாளு பேரிக்கா தின்னாங்க. நான் கேட்டனுங்க.”

“எந்த அம்மா?”

“வைரத்தோட்டு அம்மாதானுங்க.”

மச்சான் என் தோளில் கை வைத்தார். நோயாளியிடம் பேசுவது போலப் பேசினார். “கண்ணு, அந்தம்மா பள்ளத்துல உழுந்து செத்து இருவது வருசம் ஆச்சு. மொத நாளே படிச்சாரு. இப்ப அவிய தங்கச்சி மகதான் பங்களாவுல இருக்குது.”

“செத்தவங்க எப்படிங்க பேரிக்கா தின்பாங்க?”

“அதத்தான் நாங்களும் கேக்கறோம்.”

பந்தியே சிரித்தது. ரசம் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்று கேட்டார். மச்சான் விளக்கம் சொன்னார்: “வேறொண்ணுமில்லைங்க. எங்க மாப்ள குந்துனபடியே தூங்கிப்போட்டு, கனாவுல ஒரு கதை கேட்டுப்போட்டாரு. நம்ம கதைய விட அது நல்லாருக்குதுங்க.”

அவர் கேலிக்குச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மேஸ்திரி பாயசத்திலிருந்து தலையைத் தூக்கினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி குனிந்தார்.

மறுநாள் என் ஷிப்டு ஆட்களைக் கேட்டேன். எல்லோரும் அந்த அம்மாள் உயிரோடு இருக்கிறாள் என்றார்கள். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப ஏழு பேருமே தூங்கறீங்களாடா?” என்றார். ஆறு பேரும் மெல்ல நழுவினார்கள்.

உங்களிடமும் வந்தேன். நினைவிருக்கிறதா? ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள். “அவிங்களுக்கும் எங்களுக்கும் ஒரே கதைதானுங்களே படிக்கறீங்க?” என்று கேட்டேன். “ஒரே பொஸ்தகந்தானுங்க கண்ணு, இங்க வேற எது இருக்குது?” என்றீர்கள். சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

புது பிரேம் இரண்டாவது ஷிப்டிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த ஒருவருக்குப் போனது. அவர் நிஜமாகவே தூங்குவார், நின்றுகொண்டே. அது வேறு விஷயம். எனக்குக் கூடைதான். கேட்டில் என்னைப் பார்த்தால் “அம்மா பேரிக்கா தின்னாச்சுங்களா?” என்று கேட்காத ஆள் கிடையாது. பெண் பார்க்கப் போன வெள்ளகோவில் வரைக்கும் தூங்குமூஞ்சி என்ற பேர் எனக்கு முன்னால் போயிருந்தது.

ஒரு நாள் நீங்கள் அளவெடுக்க எழுந்து போனீர்கள். புத்தகம் மிஷின் மேல் கவிழ்ந்து கிடந்தது. எனக்கு அப்போது எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எடுத்துப் புரட்டினேன். ஒரு அத்தியாயத்தின் தலையில் ‘இன்று’ என்று போட்டிருந்தது. அடுத்ததன் தலையில் ‘இருபது வருஷங்களுக்கு முன்’. அடுத்தது மறுபடி ‘இன்று’. முதலிலிருந்து கடைசி வரை அப்படியே, ஒன்று விட்டு ஒன்று. இரண்டரை மணிக்காரர்களுக்கு முழுக்க இன்று. மூன்று மணிக்காரர்களுக்கு முழுக்க அன்று. அந்தத் தலைப்புகளை நீங்கள் ஒரு நாளும் வாய்விட்டுப் படித்ததில்லை.

திரும்பி வந்த உங்களிடம் புத்தகத்தை நீட்டினேன். உங்கள் முகம் ஒன்றும் மாறவில்லை.

“ஒரே அத்தியாயத்த ரெண்டு தடவை படிச்சா என்ற தொண்டை என்னத்துக்கு ஆகுமுங்க? கதையே ரெண்டாப் பிரிஞ்சு கெடந்துது. ஆளுக்கொண்ணு குடுத்துப்போட்டேன். ரெண்டும் நல்லாத்தானுங்களே இருந்துது?”

“நான் சொன்னா நம்ப மாட்டாருங்க. மேஸ்திரிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க.”

“சொல்றனுங்க. தீவாளித் துணி முடியட்டும்.”

தீபாவளி முடிந்தது, பொங்கல் வந்தது. நீங்கள் வரவில்லை. எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தீர்கள். வாங்கிக்கொண்டேன், மறைக்கவில்லை. அதில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதையும் ஷிப்டுக்கு ஒன்றாகத்தான் தைத்தீர்களோ என்னவோ.

அந்தக் கோபத்தில்தான் நான் ஒழுங்காகப் படிக்கக் கற்றேன். அதே நாவலைத் தேடிப் பிடித்து முழுக்கப் படித்தேன். என் அபிப்பிராயம் வேண்டுமானால் கேளுங்கள். எங்கள் பாதிதான் நல்ல பாதி. இன்று என்று வருகிறதில் தங்கை மகள் அறை அறையாக விளக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள், அவ்வளவுதான். மச்சான் கடைசி வரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. தோட்டைத் திருடியதும் அம்மாளைப் பள்ளத்தில் தள்ளியதும் காவற்காரன்தான் என்று முடிகிறது. மச்சான் சந்தேகம் சரி. அவன் கால் ஒடிந்தது அதே பள்ளத்தில். ஆனால் அவன் மரம் ஏறினான். நான் கேட்டேன். கண் விழித்துக் கேட்டேன்.

பிரேம் எனக்கு நாலு வருஷம் கழித்து வந்தது. கல்யாணமும் ஆனது. அதெல்லாம் ஆயிற்று. பேர் மட்டும் போகவில்லை. போன மாதம் என் பேத்தி “ஏனுங்க தாத்தா, பேரிக்கா கதையில தூங்கிப்போட்டீங்களாமே?” என்று கேட்டாள். மச்சான் இறந்துவிட்டார், மேஸ்திரியும் இறந்துவிட்டார். உண்மை தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். சரவணம்பட்டியில் மகன் வீட்டில் நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

ஆயுத பூஜைக்கு மில் கேட்டில் பழைய ஆட்கள் எல்லோரும் கூடுவோம். இரண்டு ஷிப்டும் வரும். தொண்டை வலி, தீபாவளித் துணி என்று சாக்குச் சொல்லாமல் வாருங்கள். என் வீட்டுக்கு வந்து காதோடு சொல்வது வேண்டாம், சட்டையும் வேண்டாம். நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, இரண்டு ஷிப்டுக்கும் ஒரே தடவையாகப் பதில் சொல்லுங்கள்: நான் தூங்கினேனா, இல்லையா?