பதினொரு பேருக்கு நான் போட்ட மதிப்பெண்

என் மகள் மைதானத்தில் விழுந்தபோது என் கையில் பேனா இருந்தது. அவள் பெயருக்கு நேரே ‘தாங்கும் திறன்: குறைவு’ என்று அப்போதுதான் எழுதி முடித்திருந்தேன்.

1. கட்டம் போட்ட காகிதம்

அருப்புக்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் உடற்கல்வி இயக்குநர். பிள்ளைகளுக்கு பி.டி. மேடம். என் மகள் திவ்யா அங்கேயே இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கால்பந்து அணியில் நடுக்கள ஆட்டக்காரி.

சீசன் தொடங்குமுன் பல்கலைக்கழகத்துக்கு இருபது பேர் பட்டியல் அனுப்ப வேண்டும். கல்லூரிச் செயலர் கட்டம் போட்ட காகிதம் ஒன்றைக் கொடுத்தார். வேகம், தாங்கும் திறன், பந்துக் கட்டுப்பாடு, பலம், பலவீனம். டிவியில்கூட ஒரு மேட்சை முழுதாகப் பார்க்காதவர் அவர்.

“வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேணும் மேடம். கொஞ்சம் ஒசரமான பிள்ளைகளாப் பாத்துப் போடுங்க. குரூப் போட்டோவுல எடுப்பா இருக்கும்.”

கோல் போஸ்ட்டும் உயரம்தான், அதையும் சேர்த்துக்கொள்ளவா என்று கேட்டிருக்கலாம். “சரிங்க சார்” என்றேன்.

2. பீப் டெஸ்ட்

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பி, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டேன். பாதியை ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. திருச்சுழி, பந்தல்குடி பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வந்து சேர ஒன்பது மணி. வெயில் ஏறிவிட்டது. கரிசல் தரை வெடித்துக் கிடந்தது.

பீப் டெஸ்ட் என்பது இருபது மீட்டரை, செல்போனில் அடுத்த சத்தம் வருமுன் ஓடிக் கடப்பது. லெவல் ஏற ஏற சத்தம் நெருங்கி வரும். தாங்கும் திறனை அளக்க அதைவிட நியாயமான வழி இல்லை என்று நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அன்று அணி கேவலமாக ஓடியது. பாதிக்கு மேல் ஐந்தாவது லெவலைத் தாண்டவில்லை. “ரேசன் கடை வரிசைகூட இதவிட வேகமா நகரும்டி!” என்று கத்தினேன். என் நகைச்சுவைக்கு யாரும் சிரிக்கவில்லை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

வழக்கமாக எட்டைத் தாண்டும் திவ்யா ஐந்தில் நின்றுவிட்டாள். ‘மேடத்தோட பொண்ணுல்ல, அதான் டீமுல இருக்கா’ என்று போன வருடம் பேச்சு வந்திருந்தது. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல இதுதான் சமயம் என்று என் புத்திக்குப் பட்டது.

“திரும்ப ஓடு.”

“முடியல மேடம்.” மைதானத்தில் என்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம்.

கேப்டன் பாண்டிச்செல்வி குறுக்கே வந்தாள். “மேடம், திங்கக்கெழம வச்சுக்குவோம் மேடம். இன்னைக்கு என்னன்னா...”

“நீ கேப்டனா, அவளுக்கு வக்கீலா? போ அங்கிட்டு.”

திவ்யா ஓடினாள். மூன்றாவது லெவலிலேயே கால் பின்னியது. அவள் ஓடி முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் நான் எழுதினேன். நிமிர்ந்தபோது விழுந்து கிடந்தாள். தலைக்கும் இரும்பு போஸ்ட்டுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

3. தெரியாத பதில்

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். நர்ஸ் கேட்டார்: “பிள்ளை காலையில என்னம்மா சாப்பிட்டுச்சு?”

நூறு மீட்டரை அவள் எத்தனை விநாடியில் ஓடுவாள் என்று எனக்குத் தெரியும். இது தெரியவில்லை. பாண்டிச்செல்விதான் சொன்னாள்.

“ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர். ஆடி வெள்ளில்ல. போன வருசம் மொத மேட்ச்லயே தோத்துட்டம். இந்த வருசமாவது ஜெயிக்கணும்னு டீமுல பதினோரு பேரு விரதம். சாயங்காலம் மாரியம்மன் கோயில்ல கூழு குடிச்சாத்தான் முடியும். பச்சத்தண்ணிகூட வாயில படல.”

“ஏன்டி சொல்லல?”

“சொல்லத்தான வந்தேன். வக்கீலான்னு கேட்டீக.”

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ‘குறைவு’ என்று பதினொரு பேருக்குப் போட்டிருந்தேன். அதே பதினொரு பேர். முதலிடம் பெற்றவள், விடுதியில் ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவள். இருபது வருட அனுபவத்தோடு நான் அளந்து எழுதியது, அன்று காலை யார் சாப்பிட்டார்கள் என்பதை.

திவ்யா கண் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: “எத்தனாவது லெவல் மேடம்?”

அந்த நேரத்தில் செயலர் போன் செய்தார். “லிஸ்ட் என்னாச்சு மேடம்? யாரோ மயங்கிருச்சாமே. அந்தப் பேர எடுத்துட்டு அனுப்பிருங்க.” யார் என்று கேட்கவில்லை. திட்ட வாயெடுத்தேன். முடியவில்லை. பிள்ளையைப் பார்க்காமல் பேரை மட்டும் பார்ப்பதில் அன்று அவருக்கு நான் மூத்தவள்.

பட்டியல் அனுப்பக் கடைசி நாள் உண்மையில் அடுத்த புதன்கிழமை. சனிக்கிழமை அவர் குற்றாலம் போவதால்தான் எங்களுக்கு வெள்ளி.

திங்கட்கிழமை மறுபடி டெஸ்ட் வைத்தேன். பட்டியல் தலைகீழாகியது. இளைய உடற்கல்வி இயக்குநர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். குறுக்கே பேசும் கேப்டனை முழுதாகப் பேச விடுங்கள். அளக்குமுன் சாப்பாட்டைக் கேளுங்கள். என் காகிதத்தில் இப்போது முதல் கட்டமே அதுதான்.

அந்தத் திங்கட்கிழமை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து திவ்யா முன் நின்றேன். மேடம் சட்டத்தை எடுத்துவிட்டேன் என்று வீட்டிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன்.

“காலையில என்ன சாப்பிட்ட?”

“நீங்கதான மேடம் சுட்டுக் குடுத்தீக? மூணு.”

‘தோசை 3’ என்று எழுதினேன்.