வானொலித் தங்கச்சியைப் பார்த்த நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்சாக இருந்தபோது நடந்தது இது. சொந்த ஊர் போளூர். அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. நிலையத்துக்குப் பின்னாலேயே தங்குவதற்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். விடுமுறை கிடைத்தால் பஸ்ஸைப் பிடித்துக் கீழே இறங்கி, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் மலையேறிவிடுவேன். மற்ற நாட்களில் எனக்குப் பேச்சுத்துணை ஒரு டிரான்சிஸ்டர்தான்.

அதில் சாயங்காலம் விவசாயிகளுக்கென்று ஒரு நிகழ்ச்சி வரும். ஓர் அண்ணனும் தங்கச்சியும் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்வது போல நடத்துவார்கள். அண்ணனுக்குக் கனத்த குரல். எதையும் கிண்டலாகத்தான் ஆரம்பிப்பார். தங்கச்சி சிரித்துக்கொண்டே அவர் காலை வாரிவிடுவார். நடுநடுவே எந்த மாதம் என்ன விதைக்கலாம், மாட்டுக்குக் கோமாரி வந்தால் என்ன செய்யலாம் என்று உருப்படியான விஷயங்களும் வரும். மலையில் ரேடியோ இருந்த வீடுகள் குறைவு. ஆனால் சந்தைத் திடல் டீக்கடையில் கூட்டமாக நின்று கேட்பார்கள். ரேடியோ அண்ணன் சொல்லிவிட்டார் என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

எனக்கு விவசாயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் கேட்டது தங்கச்சியின் குரலுக்காக. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எப்படி இருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அப்படி ஓர் ஆவல். எங்கள் மருந்தாளுநர் அவரைச் சின்ன வயசுப் பெண் என்பார். ஆஸ்பத்திரி ஆயா, "இல்லம்மா, ரெண்டு புள்ள பெத்த குரலு அது" என்று அடித்துச் சொல்வாள். நான் என் பங்குக்கு வட்ட முகம், பெரிய கண்கள், மூக்குத்தி என்று ஒரு முகத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

ஒருநாள் அவர்கள் இருவரும் ஜமுனாமரத்தூருக்கே வருகிறார்கள் என்று செய்தி வந்தது. சந்தை நாளில், மக்கள் முன்னிலையிலேயே நிகழ்ச்சியைப் பதிவு செய்யப் போகிறார்களாம். ஊரே பரபரப்பானது. அன்று புறநோயாளிகளைப் பார்த்து முடித்ததும் டாக்டரிடம் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். வழியில் எனக்குத் தெரிந்த மலைக் கிராமத்துப் பெண் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். நிறைமாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கே வந்துவிடு என்று மூன்று மாதமாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் ரேடியோக்காரர்களைப் பார்க்கத்தான் மாமியாருடன் வந்திருந்தாள்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தை மேடையாக்கி, மைக்செட் கட்டியிருந்தார்கள். சந்தைக்கு வந்தவர்கள் சாமை மூட்டையையும் புளிக் கூடையையும் அப்படியே வைத்துவிட்டு அங்கே கூடிவிட்டார்கள். முதலில் அண்ணன் மேடைக்கு வந்தார். குரலுக்கேற்ற ஆகிருதி. பிறகு தங்கச்சி வந்தார்.

அவர் முகத்தில் வெண்புள்ளிகள் இருந்தன. வாயைச் சுற்றி, ஒரு கண்ணைச் சுற்றி, நெற்றியோரத்தில், இரண்டு கைகளிலும். நோய் என்று சொல்லவே கூடாத நோய் அது. தொட்டால் ஒட்டாது, வலியும் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் எல்லோரும் அதை வெண்குஷ்டம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரிலேயே பாதி பயம் இருக்கிறது. கூட்டம் ஒரு கணம் சத்தமில்லாமல் பார்த்தது. பயமா, வியப்பா என்று சொல்லத் தெரியவில்லை. நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மைக்கைப் பிடித்தார். "யாரும் பயந்துடாதீங்க. நம்ம தங்கச்சிதான். வண்டி மலை வளைவுல குலுங்கினதுல மாவு டப்பா மூஞ்சியில கொட்டிடுச்சு. இவங்களை ஏன் ரேடியோவுல வெச்சிருக்காங்கன்னு இப்பப் புரியுதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றவர்களுக்கு, சிரிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது போல இருந்தது. தங்கச்சியும் மைக்கில் லேசாகச் சிரித்தார். அடுத்த நொடி, "சாமை அறுப்பு முடிஞ்சுதா?" என்று முன்வரிசைக் கிழவரிடம் கேட்டு நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டார். ரேடியோவில் நான் கேட்கும் அதே குரல். கொஞ்சமும் பிசகவில்லை.

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கர்ப்பிணிப் பெண் தன் இடது கையை முந்தானைக்குள் இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கையில், மணிக்கட்டுக்கு மேலே, காலணா அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருப்பது எனக்குத் தெரியும்.

நிகழ்ச்சி முடிந்ததும் வானொலிக்காரர்கள் எங்கள் நிலையத்துக்கு டீ குடிக்க வந்தார்கள். ஆண்கள் டாக்டர் அறையில் உட்கார்ந்தார்கள். தங்கச்சி பின்பக்கம் குழாயடிக்கு வந்து முகம் கழுவினார். நான் துண்டு கொடுத்தேன். கேட்க நினைத்தது நூறு இருந்தும் வாய் வரவில்லை. அதற்குள் அந்தக் கர்ப்பிணிப் பெண் மாமியாருக்குத் தெரியாமல் அங்கே வந்து நின்றாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"யக்கா, அது இன்னாக்கா? வலிக்குமா?"

"வலிக்காது. தோல் நிறம் மாறிப்போச்சு, அவ்வளவுதான்."

"கொழந்தைக்கு வருமா?"

"எனக்கு ரெண்டு பசங்க. ரெண்டு பேருக்கும் வரலை. ஆனா வரவே வராதுன்னு சொல்ல நான் டாக்டர் இல்லையே. சிஸ்டரைக் கேளு" என்று என்னைக் காட்டினார். அபூர்வமாகத்தான் வரும், பயப்படாதே என்று எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன்.

அவள் முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினாள். தங்கச்சி அதைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார். "இதை எப்பவும் மூடித்தான் வெச்சிருப்பியா?"

"இல்லக்கா. யாரும் இன்னான்னு கேட்டதில்ல. இன்னிக்கு அண்ணன் சொல்லச் சொல்லத்தான் மூடிக்கினேன். எங்க மாமியா அதயே பாத்துக்கினு இருந்திச்சு."

தங்கச்சி அவள் கையை உடனே விடவில்லை. மேடையில் அப்படி ஒரு பேச்சு வந்தபோது மாறாத முகம், அப்போது மாறியதை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் அந்த நிகழ்ச்சி ஒலிபரப்பானது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அண்ணனின் அந்தப் பேச்சும் இல்லை, கூட்டத்தின் சிரிப்பும் இல்லை. வெட்டிவிட்டார்கள். சரி, அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. சில மாதங்கள் கழித்து வானொலி நிலையத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே அண்ணனும் வந்திருந்தார். மேடையில் அண்ணன் பேசியதைப் பற்றித் தங்கச்சி எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறார். அண்ணனோ, அது நிகழ்ச்சிக்காக இருவரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்ட வேடிக்கை என்று சொல்லியிருக்கிறார். உடன் வந்த அலுவலர்கள் யாரும் வாய் திறக்கவில்லையாம். வெளியாட்கள் யாராவது சொல்லட்டும் என்று தங்கச்சி என்னைக் குறிப்பிட்டிருக்கிறார்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஞாபகமில்லைன்னு சொல்லிடும்மா. நமக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றார். நல்ல மனிதர்தான். அண்ணனுக்கு வேலை போய்விடுமோ என்ற கவலை அவருக்கு. உண்மையில் எனக்கும் அந்தக் கவலை இருந்தது. அந்தக் குரலை நான் ஆசையாகக் கேட்டவள். ஆனால் ஞாபகம் இல்லை என்று எப்படிச் சொல்ல? ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகமிருந்தது.

டாக்டர் அறையிலேயே விசாரணை நடந்தது. நான் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அதிகாரி, "கூட்டம் சிரிச்சுதா?" என்றார்.

"சிரிச்சாங்க."

"அந்த அம்மா?"

"அவங்களும் சிரிச்சாங்க."

"எல்லாரும் சிரிச்சா, யாருக்கும் வருத்தமில்லைன்னுதானே அர்த்தம்?"

"அப்படி இல்லீங்க" என்றேன்.

பிறகு அண்ணன் கேட்கலாம் என்றார் அதிகாரி. இத்தனை நாள் ஊருக்கெல்லாம் பேசிய குரல், எனக்கு மட்டும் பேசியது. "சிஸ்டர், உங்களை நான் குத்தம் சொல்லலை. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அது ரேடியோவுல வந்துச்சா?"

"வரலீங்க."

"அப்போ ரேடியோ நேயர்கள் யாரும் அதைக் கேட்கலை. சரிதானே?"

வார்த்தைக்கு வார்த்தை சரியாகத்தான் இருந்தது. அப்போதுதான் அன்று தடுப்பூசி நாள் என்பது ஞாபகம் வந்தது. வெளியே பெஞ்சில் குழந்தைகளோடு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணும் இருந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்திருந்தது. இன்னொருவர் சொல்ல வேண்டியது இருக்கிறது, கூப்பிடலாமா என்று அதிகாரியைக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

வெளியே போய் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "இஷ்டமில்லன்னா வேணாம்" என்றும் சொன்னேன். உள்ளே அண்ணன் இருக்கிறார் என்றதும் அவள் கண் விரிந்தது. "நெசமாவா? வர்றேன்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே வந்தவள் அதிகாரியைப் பார்க்கவே இல்லை. அண்ணனைத்தான் பார்த்தாள். கோபமில்லை, அவரைக் கிட்டத்தில் பார்க்கிற ஆவல்தான் முகத்தில் இருந்தது.

"நல்லாருக்கீங்களாண்ணே? நீங்க சொன்னாப்புல விதைச்சுத்தான் இந்தத் தபா எங்க வூட்ல சாமை நல்லா வந்திச்சு."

அண்ணன் சிரித்தார். "சந்தோஷம்மா. அன்னிக்கு நிகழ்ச்சி நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்திச்சு. அந்த மாவு சொன்னீங்களே, அதுலேர்ந்து எங்க மாமியா என்னிய மாவுக்கையின்னுதான் கூப்புடுது. இப்ப ஊரே அப்டித்தான் கூப்புடுது." கையை நீட்டித் திட்டைக் காட்டினாள். "வெளயாட்டுக்குத்தான். ஆனா அந்தக் கையால தண்ணி குடுத்தா மாமியா வாங்கறதில்ல. அதெல்லாம் ஒண்ணும் செய்யாது, ஒட்டாதுன்னு நர்சம்மா எடுத்துச் சொன்னாங்க. கேக்கல. அது மத்தவங்க கண்ணுல காட்டக் கூடாததுன்னு ரேடியோ அண்ணனே சொல்லிட்டாருங்குது. நீங்க ஒரு தபா சொன்னா கேக்கும்ணே."

அவள் புகார் சொல்லவே இல்லை. உதவி கேட்டாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரியிடம், "எனக்கு வேற கேள்வி இல்லைங்க" என்றார். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாக வரும் என்று நான் நினைத்ததில்லை.

அதன் பிறகு சாயங்காலங்களில் அண்ணன் குரல் வரவில்லை. தங்கச்சி வேறொருவரோடு நிகழ்ச்சியை நடத்தினார். டீக்கடையில் அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். விவரம் தெரிந்த சிலர், ஒரு வார்த்தைக்காக ஒரு நல்ல கலைஞனை வீட்டுக்கு அனுப்பிவிட்டாளே என்று தங்கச்சியை வைதார்கள். எனக்கும் என்ன ஆயிற்று என்று தெரிந்தால் தேவலை போலிருந்தது.

மறு வருடம் ஒரு பயிற்சிக்காக வேலூர் போயிருந்தேன். அங்கே சுகாதார நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்யத் தங்கச்சி வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்து கையைப் பிடித்தார். அண்ணனை வேலையிலிருந்து எடுக்கவில்லையாம். ஒரு வருடத்துக்கு மைக் முன்னால் உட்காரக் கூடாது என்று உத்தரவு. சம்பள உயர்வையும் நிறுத்திவிட்டார்கள். ஒலிநாடாக்களை அடுக்கிவைக்கும் பிரிவில் இருக்கிறார் என்றார்.

நான் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன். "அதுக்கு முன்னாடி அவர் அப்படிப் பேசினதே இல்லீங்களா?"

"தினமும் பேசுவார். ஆபீஸ்ல, வண்டியில, கேன்டீன்ல. நானும் பதிலுக்கு அவர் தொப்பையைச் சொல்லிட்டுப் போயிடுவேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. மைக்ல சொன்னா அது நிலையம் சொன்ன மாதிரி ஆயிடுது இல்லையா? அப்பக்கூட விட்டிருப்பேன். அந்தப் பொண்ணு கையை மூடினதாச் சொன்னா பாருங்க, அதுக்கப்புறம் விட முடியலை."

"மன்னிப்புக் கேட்டாரா?"

"கேட்டார். விசாரணை முடிஞ்சு வந்த அன்னிக்கே என் மேஜைக்கு வந்து கேட்டார். கண்ணுல தண்ணி. மனசார கேட்டார், அதுல சந்தேகமில்லை. ஆனா நானும் அவரும் மட்டும்தான் அப்போ அங்க இருந்தோம்."

மலைக்குத் திரும்பியதும் இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. அக்கறையாகக் கேட்டுவிட்டு, "அக்காகிட்ட கேட்டுக்கினாரு, நல்லது. எங்க மாமியாகிட்ட ஒரு வார்த்த சொல்றேன்னாரா?" என்றாள். இல்லை என்றேன். "மறந்துட்டாரு போல" என்றாள்.

தண்டனைக் காலம் முடிந்து அண்ணன் மறுபடி ரேடியோவுக்கு வந்தார். வேறு நிகழ்ச்சி. ஊர் ஊராகக் காய்கறி விலை சொல்வார். கிண்டல் எதுவும் இல்லை. நான் மாற்றலாகிக் கீழே போகும்வரை அதைத் தவறாமல் கேட்டேன். என்றாவது ஒருநாள், கத்தரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் நடுவிலாவது, அந்த மாமியாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தேன்.

அவர் சொல்லவில்லை. சொல்ல நினைத்தும் விதிமுறை இடம் தரவில்லையோ, நினைக்கவே இல்லையோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண்ணின் பெயரைப் பலர் மறந்து, மாவுக்கை என்ற பட்டப்பெயர் மட்டும் அந்த ஊரில் நின்றுவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதனால்தான் ஆயிரம் பேர் கேட்க ஒருவரைக் காயப்படுத்திவிட்டு அறைக்குள் மன்னிப்புக் கேட்டேன் என்று யாராவது சொல்லும்போது, கேட்டது நல்லதுதான் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த ஆயிரம் பேருக்கும் அதை யார் போய்ச் சொல்வார்கள் என்ற கேள்வியும் உடனே வந்து நிற்கிறது.